ஊர் பெயர்ந்த ஆட்டக் குழு

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ள மோகம் அங்கே அதற்கு உண்டு என்றால் போதும். அவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட குழுக்களுள் ஒன்று ‘டாட்ஜர்ஸ்’ என்பது. இப்பொழுது அது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் குழு. 1957 வரையில் அது நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினின் குழுவாக இருந்தது. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவு. கீழைக் கடற்கரையிலிருந்து மேலைக் கடற்கரைக்கு ஒரு குழுவே குடிபெயர்ந்தது.

ஊர் பெயர்ந்து வாழும் குடும்பங்கள் படிக்கும் இவ்விதழில், ஊர் பெயர்ந்த ஓர் ஆட்டக் குழுவின் வரலாற்றில் மறக்கவொண்ணாத சில நாட்களை எடுத்துரைப்பது பொருந்தும் எனக் கருதினோம். வெற்றி தோல்விக் கணக்கு முழுவதையும் எழுதப் புகவில்லை. அதற்கு இத்தாள்கள் போதா. ஒரு குழு யாருக்கு உரியது என்ற கேள்வியை எழுப்பிய நாட்களையே பெரும்பாலும் தேர்ந்துகொண்டோம்.

ஆட்டத்தின் முறையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். பக்கத்துக்கு 9 பேர். ஒவ்வொரு பக்கமும் மாறி மாறி 9 முறை மட்டை பிடிக்கும். எறியப்பட்ட பந்தை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு மூலைகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அந்தப் புறப்பட்ட இடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஹோம்’, அதாவது வீடு. கிரிக்கெட்டின் சிக்ஸரைப்போலப் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டால் தடையின்றிச் சுற்றி வரலாம். அது ‘ஹோம் ரன்’. நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என இரண்டு பிரிவுகள் உள. இரண்டிலும் முதலிடம் பெற்ற குழுக்கள் ஆண்டின் இறுதியில் மோதும் பந்தயத்துக்கு ‘உலகத் தொடர்’ என்று பெயர். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வென்றவரே வெற்றியாளர். அமெரிக்க, கனடிய நகரங்களுக்குள் நடக்கும் பந்தயத்துக்கு உலகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அது அவர்கள் தாராளம்!

குழு பிறந்தது 1883இல். அந்நாளில் புரூக்ளின் நியூயார்க்கின் பகுதி அன்று, தனி நகரம். அவ்வாண்டு மே 24ஆம் நாள்தான் ஆற்றுக்குக் குறுக்கே புரூக்ளின் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்த பிறகு தனி நகரமாக நிலைப்பது அரிதாயிற்று. 1898 ஜனவரி 1ஆம் நாள் புரூக்ளின் நியூயார்க்கோடு இணைக்கப்பட்டது. நகராட்சி போயிற்று, நகரம் என்ற தகுதியும் போயிற்று. ஆனால் சட்டையில் புரூக்ளின் என்று எழுதிக்கொண்டு ஆடிய குழு மட்டும் எஞ்சியது. அங்குள்ள மக்கள் அக்குழுவின்மேல் வைத்த பற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது என்பது நம் கருத்து.

பெயர் வந்த கதையும் சுவையானது. தொடக்கத்தில் குழுவுக்கு நிலையான பெயர் இல்லை. 1888ஐ ஒட்டி ஆட்டக்காரர் பலர் அடுத்தடுத்து மணம் செய்துகொண்டமையால் பத்திரிகைகள் அவர்களை ‘மணமகன்கள்’ என்றே அழைத்தன. பின்னர் மின்சார டிராம் வண்டிகள் வந்தன. புரூக்ளின் தெருக்களில் அவை விரைந்தோட, மக்கள் அவற்றுக்குத் தப்பித் துள்ளி விலகுவது அன்றாடக் காட்சியாயிற்று. ‘டிராமுக்குத் தப்பி நெளிபவர்கள்’ என்று புரூக்ளின் மக்களைக் கேலி செய்தனர். அந்தக் கேலிப் பெயரே குழுவின்மேல் ஒட்டிக்கொண்டு, சுருங்கி, டாட்ஜர்ஸ் ஆயிற்று. டிராமும் தெருவும் புரூக்ளினுக்கு உரியவை. பெயர் மட்டும் இன்றுவரை கலிபோர்னியாவில் வாழ்கிறது. நம்மவர் பலர் பிறந்த ஊரை ஓர் எழுத்தாகச் சுருக்கிப் பெயருக்கு முன்னே சுமந்து திரிவதில்லையா? அவ்வெழுத்து எவ்வூரைக் குறிக்கிறதென்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதுபோலத்தான் இதுவும்.

1913 ஏப்ரல் 9: எபெட்ஸ் ஆட்டக்களத்தில் முதல் பந்தய ஆட்டம். சார்லஸ் எபெட்ஸ் என்பவர் 1883இல் இக்குழுவிடம் சீட்டு விற்கும் ஊழியராகச் சேர்ந்தவர். படிப்படியாக உயர்ந்து உரிமையாளரானார். குப்பைமேடும் குடிசைகளுமாகக் கிடந்த நிலத்தைத் துண்டுதுண்டாக விலைக்கு வாங்கி, பணம் போதாமற் குழுவின் உரிமையிற் பாதியை விற்று, இக்களத்தைக் கட்டினார். பிற்காலத்தில்கூட அங்கே 32,000 பேர் போலத்தான் அமர முடியும். இடம் சிறிதாக இருந்தமையால் பார்ப்போர் ஆடுவோருக்கு மிக அருகில் இருந்தனர். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தெருவில் நடப்பதைப் பார்ப்பதுபோல், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஏசலாம், அறிவுரையும் கூறலாம். மூன்றும் குறைவின்றி நடந்தன.

வெற்றிதான் வரவில்லை. 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஏழு ஆண்டுகளில் உலகத் தொடர் வரை சென்று, ஏழு முறையும் தோற்றனர். அவற்றுள் ஐந்து தோல்விகள் அதே நகரத்தின் செல்வாக்குமிக்க யாங்கீஸ் குழுவிடம். 1941 அக்டோபர் 5ஆம் நாள் நிகழ்ந்தது ஒன்று போதும், இவர்கள் ஊழைக் காட்ட. புரூக்ளின் ஓர் ஓட்டம் முன்னே நிற்கிறது; யாங்கீஸ் பக்கத்துக் கடைசி ஆளும் பந்தைத் தவறவிட்டுவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று எண்ணும் நொடியில், பின்னின்று பந்தைப் பிடிக்கவேண்டிய மிக்கி ஓவன் கையிலிருந்து பந்து நழுவிற்று. பிடிபடாத பந்தானால் மட்டையாளர் ஓடலாம் என்பது விதி. அவர் ஓடினார், பின்வந்தோர் அடித்தனர், ஆட்டம் கைமாறிற்று. ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்’ என்பது புரூக்ளினில் ஏறக்குறைய ஒரு பழமொழியாகவே வழங்கியது.

இக்குழுவின் நாட்களுள் உலகம் அறிந்தது 1947 ஏப்ரல் 15. அமெரிக்கப் பெருங்குழுக்களில் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளாக இடமில்லாதிருந்தது. எழுதப்பட்ட சட்டம் ஏதுமில்லை. உரிமையாளர்கள் தமக்குள் கொண்ட உடன்பாடே சட்டமாக நின்றது. அவர்களுக்கெனத் தனிக் குழுக்கள், தனிப் பந்தயங்கள். ஜாக்கி ராபின்சன் 1919இல் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரிற் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் செல்ல, தாய் தம் ஐந்து குழந்தைகளோடு 1920இல் ரயிலேறி, லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த பாசடீனாவுக்குக் குடிபோனார். அக்குழந்தைகளிற் கடைக்குட்டியே ஜாக்கி.

டாட்ஜர்ஸ் குழுவை நடத்திய பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்ட் 28ஆம் நாள் அவரைப் புரூக்ளின் அலுவலகத்துக்கு அழைத்துப் பேசினார். எத்தகைய வசைமொழிகள் வீசப்படும் என்பதை ரிக்கியே நடித்துக் காட்டி, திருப்பி அடிக்காமலிருக்கும் துணிவு உமக்கு உண்டா என்று கேட்டார். இராணுவத்தில் பேருந்து ஒன்றில் பின்னிருக்கைக்குப் போக மறுத்து வழக்கைச் சந்தித்து விடுதலை பெற்றவர் ராபின்சன். அடங்கிப் போகும் இயல்பினர் அல்லர். ஆயினும் ஒப்பினார். ஓராண்டு மாண்ட்ரீயல் குழுவில் ஆடிவிட்டு, 28ஆம் வயதில் எபெட்ஸ் களத்தில் இறங்கினார். அன்று பாஸ்டன் குழுவுக்கு எதிரான ஆட்டம். அவர் மட்டையால் ஒன்றும் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஓர் ஓட்டம் எடுத்தார். புரூக்ளின் 5க்கு 3 என வென்றது. செய்தி அவ்வளவே. வரலாறு நிகழும் நாட்கள் பல இப்படித்தான் அடக்கமாகக் கழிகின்றன.

அடுத்து வந்த மாதங்களில் அடக்கம் இல்லை. அவரோடு ஆடமாட்டோம் என்று சொந்தக் குழுவிலேயே சிலர் விண்ணப்பம் எழுத முயன்றிருந்தனர். எதிர்க்குழுவினர் வாயில் வந்தபடி ஏசினர். வெளியூர் சென்றபோது சில விடுதிகளில் அவருக்கு மட்டும் அறை மறுக்கப்பட்டது. கொலை மிரட்டற் கடிதங்கள் வந்தன. அவர் சொன்ன சொல்லைக் காத்தார். அவ்வாண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற விருதும், 1949இல் நேஷனல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்குக் கிடைத்தன. அறைகூவலை விடுத்தவர் ரிக்கி என்றாலும், சுமையைத் தாங்கியவர் ராபின்சன். புகழைப் பங்கிடும்போது சிலர் இதை மறந்துவிடுகின்றனர்.

1951 அக்டோபர் 3ஆம் நாளைப் புரூக்ளின் மக்கள் நினைக்க விரும்பார். ஆகஸ்டில் 13 ஆட்டங்கள் போல முன்னிலையில் நின்றவர்கள், நியூயார்க் ஜயண்ட்ஸிடம் அனைத்தையும் பறிகொடுத்து, கடைசி ஆட்டத்தின் கடைசித் தருணத்தில் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னால் 5க்கு 4 எனத் தோற்றனர். இதைப்பற்றி அமெரிக்கர் எழுதிக் குவித்த பக்கங்கள் ஏராளம், நாமும் சேர்க்கவேண்டியதில்லை.

அந்த ‘அடுத்த ஆண்டு’ வந்தது 1955இல். யாங்கீஸுடன் நடந்த தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் புரூக்ளின் தோற்றது. பழகிப்போன மக்கள் பெருமூச்சு விட்டனர். அடுத்த மூன்றையும் வென்றனர், ஆறாவதைத் தோற்றனர். அக்டோபர் 4ஆம் நாள் யாங்கீஸின் சொந்தக் களத்திலேயே ஏழாவது ஆட்டம். பந்தெறிந்தவர் ஜானி பாட்ரஸ். சில நாட்களுக்கு முன்புதான் 23 வயது நிரம்பியவர். கில் ஹாட்ஜஸ் இரண்டு ஓட்டங்களைத் தேடித் தந்தார். ஆறாம் சுற்றில் யாங்கீஸ் ஆட்கள் இருவர் மூலைகளில் நிற்க, யோகி பெர்ரா பந்தை இடப்புறக் கோட்டை ஒட்டித் தூக்கி அடித்தார். அது தரையில் விழுந்திருந்தால் கணக்குச் சமனாகியிருக்கும். அச்சுற்றிலேதான் இடப்பக்கம் அனுப்பப்பட்டிருந்த கியூபா நாட்டு சாண்டி அமரோஸ் நெடுந்தூரம் ஓடிவந்து வலக்கையை நீட்டிப் பிடித்தார். அவர் இடக்கையால் எறிபவர். ஆகவே உறை வலக்கையில் இருந்தது. மற்றவர் யாராயினும் உறை மறுகையில் இருந்திருக்கும், பந்து எட்டியிராது. பிடித்த பந்தை உடனே திருப்பி எறிய, மூலைக்குத் திரும்பாத ஆளும் ஆட்டமிழந்தார். 2க்கு 0. புரூக்ளின் தெருக்களில் அன்றிரவு உறங்கியவர் குறைவு. ராபின்சன் அந்த ஏழாம் ஆட்டத்தில் ஆடவில்லை என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். அத்தொடரின் முதல் ஆட்டத்தில், 36 வயதில், எறிபவர் ஏமாந்த கணத்தில் ‘வீட்டுக்கு’ப் பாய்ந்து ஓட்டம் திருடியவர் அவரே.

புரூக்ளினுக்குக் கிடைத்த உலக வெற்றி அது ஒன்றுதான். இரண்டே ஆண்டுகளில் குழு ஊரைவிட்டுப் போயிற்று.

ஏன் போயிற்று? உரிமையாளர் வால்ட்டர் ஓமாலியைப் புரூக்ளின் மக்கள் இன்றளவும் மன்னிக்கவில்லை. அவர் பக்க நியாயத்தையும் கேட்போம். எபெட்ஸ் களம் பழசாகிவிட்டது. கார் நிறுத்த இடமில்லை. பலர் புறநகர்களுக்குக் குடிபோய்விட்டனர். 1953இல் பாஸ்டனை விட்டு மில்வாக்கிக்குப் போன குழு, அங்கே கூட்டத்தைப் பன்மடங்கு பெருக்கிக்கொண்டது. புரூக்ளினிலேயே ரயில் நிலையத்தை அடுத்த மனையொன்றில் தம் செலவிற் புதுக்களம் கட்ட ஓமாலி விரும்பினார். நிலத்தைத் திரட்டித்தர நகரின் உதவி வேண்டியிருந்தது. நகரின் கட்டுமானங்களைத் தம் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்து, குவீன்ஸ் பகுதியில் வேறோர் இடத்தைக் காட்டினார். குவீன்ஸுக்குப் போனால் அது புரூக்ளின் குழு ஆகாது என்பது ஓமாலியின் வாதம். அது மெய்தான், ஆனால் அதே நாவால் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இசைந்தது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றுகிறது. குழு அன்று நட்டத்திலும் நடக்கவில்லை. மோசஸின் பிடிவாதமும் ஓமாலியின் ஆசையும் சேர்ந்தே அவ்வூரைக் கைவிட்டன என்பது நம் முடிபு.

1957 செப்டம்பர் 24. பிட்ஸ்பர்க் குழுவுடன் எபெட்ஸ் களத்தின் கடைசி ஆட்டம். வந்திருந்தவர் 6,702 பேர். டேனி மெக்டெவிட் என்ற இளைஞர் பந்தெறிய, புரூக்ளின் 2க்கு 0 என வென்றது. 1955இன் கணக்கும் இதுவே! ஆட்டங்களின் இடையே ஆர்கன் வாசித்துவந்த கிளாடிஸ் குடிங் அம்மையார் அன்று பிரிவுப் பாடல்களாகவே தேர்ந்து வாசித்தார். குழு போகிறதென்று அதிகாரபூர்வமாக யாரும் அதுவரை சொல்லவில்லை. அம்மையாரின் விரல்கள் சொல்லிவிட்டன. அறிவிப்பு அக்டோபர் 8ஆம் நாள் வந்தது. வேறு குழுக்களின் உலகத் தொடர் நடந்துகொண்டிருந்த வேளையிற் சுருக்கமானதோர் அறிக்கையாக அதை வெளியிட்டனர்.

ராபின்சன் உடன் செல்லவில்லை. 1956 டிசம்பரில் அவரை ஜயண்ட்ஸ் குழுவுக்கு மாற்றிவிட்டனர். அதை ஏற்காமல் ஆட்டத்தினின்றே விலகிக்கொண்டார். பாசடீனாவில் வளர்ந்த பிள்ளை கீழைக் கரையிலேயே நின்றுவிட, புரூக்ளின் குழு பாசடீனாவின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

1958 ஏப்ரல் 18ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் ஆட்டம். தனிக் களம் இல்லாமையால் 1932 ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த கொலிசியத்தில் ஆடினர். ஓட்டப் பந்தயத்துக்கென நீள்வட்டமாகக் கட்டிய இடத்தில் சதுர ஆட்டத்தைத் திணித்தால் என்னாகும்? இடப்புற எல்லை 250 அடி அருகிலேயே வந்துவிட்டது. பந்து எளிதில் தாண்டிவிடாமலிருக்க 40 அடி உயர வலை கட்டினர். ஆயினும் அன்று 78,672 பேர் வந்தனர். எபெட்ஸ் களத்தைப்போல் இரண்டு களங்களை நிரப்பியும் மிஞ்சும் கூட்டம்! உயரத்தில் அமர்ந்தோர்க்கு ஆடுவோர் எறும்புபோலத் தெரிந்தனர். ஆகவே கையடக்க டிரான்சிஸ்டர் வானொலியைக் கொண்டுவந்து, கண்முன் நடக்கும் ஆட்டத்தை வின் ஸ்கல்லியின் வருணனையாற் புரிந்துகொண்டனர். ஸ்கல்லி 1950இல் புரூக்ளினில் வருணனையைத் தொடங்கியவர். குழுவோடு பெயர்ந்து வந்து 2016 வரை, 67 பருவங்கள், அப்பணியைச் செய்தார். புதிய ஊருக்குப் பழைய குழுவை அறிமுகப்படுத்திய குரல் அது.

1959இல் அடுத்தடுத்த இரண்டு நாட்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். மே 7ஆம் நாள் ராய் காம்ப்பனெல்லாவின் இரவு. புரூக்ளினின் அருமையான பந்து பிடிப்பாளர் அவர். மூன்று முறை லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப்பட்டவர். 1958 ஜனவரி 28ஆம் நாள் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, கைகால் வழங்காமற் சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத அவருக்கு உதவத் திரட்டிய கூட்டம் 93,103. களத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் ஒரு தீக்குச்சி ஏற்றச் சொன்னார்கள். இருளில் அந்தப் பெருவட்டம் முழுவதும் கார்த்திகைத் தீபம்போல் ஒளிர்ந்தது. புது ஊர் பழைய ஊரின் துயரத்தைத் தனதாக ஏற்ற இரவு என்று அதைக் கூறலாம்.

மறுநாள், மே 8. அதே நகரத்தின் சாவேஸ் பள்ளத்தாக்கில், மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் வாழ்ந்த மூன்று சேரிகள் இருந்தன: பாலோ வெர்டே, லா லோமா, பிஷப். ஆடு கோழி வளர்த்து, தோட்டம் போட்டு, தாமே கோயில் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். 1950இல் நகர வீட்டுவசதித் துறை அவர்களுக்கு ஓலை அனுப்பிற்று: இங்கே புதிய குடியிருப்புகள் எழும்பும்; உங்களுக்கே முதலுரிமை; இப்போது காலி செய்யுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிற் பெரும்பாலோர் கிடைத்த தொகையைப் பெற்றுக்கொண்டு போயினர். பின்னர் அரசியல் காற்று மாறிற்று. குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது. வெற்றிடமாகிவிட்ட அந்நிலம் ஓமாலியின் கண்ணிற் பட்டது. 1958 ஜூன் 3ஆம் நாள் நகர மக்களின் வாக்கெடுப்பில் 26,000க்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் நிலம் குழுவுக்கு என்று முடிவாயிற்று. எஞ்சியிருந்த சிலருள் ஒரு குடும்பத்தாரை 1959 மே 8ஆம் நாள் காவலர்கள் வெளியேற்றினர். நடந்து வர மறுத்த ஒரு பெண்ணைக் கையையும் காலையும் பற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கினர். அப்படம் பத்திரிகைகளில் வந்தது. உடனே வீட்டை இடித்துத் தள்ளினர். வாக்குறுதியை முறித்தது நகரமேயன்றிக் குழு அன்று. ஆயினும் அதன் பயன் குழுவையே அடைந்தது. அந்தப் பழியும் குழுவின்மேலேயே நின்றது. முந்தின இரவு தீக்குச்சி ஏற்றிய கைகள் எத்தனையோ, அத்தனையும் அதே நகரத்தின் கைகள்.

அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிகாகோ குழுவை வீழ்த்தி, லாஸ் ஏஞ்சல்ஸ் தன் முதல் உலக வெற்றியைப் பெற்றது. புரூக்ளினை விட்டுப் போகிறோம் என்று அறிவித்து அன்றோடு சரியாக இரண்டாண்டு. புரூக்ளின் 70 ஆண்டுகளுக்குமேற் காத்துப் பெற்றதை இவர்கள் வந்த மறு ஆண்டே பெற்றுவிட்டனர்.

1960 பிப்ரவரி 23ஆம் நாள் எபெட்ஸ் களத்தை இடிக்கத் தொடங்கினர். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப்போல வெள்ளையடித்துச் சிவப்புத் தையலும் வரைந்திருந்தனர். இந்த வேடிக்கை யாருக்குத் தோன்றியதோ! சக்கர நாற்காலியில் காம்ப்பனெல்லாவும் வந்து பார்த்தார். அவ்விடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. சாவேஸ் பள்ளத்தாக்கில் வீடிருந்த இடம் ஆட்டக்களமாயிற்று. புரூக்ளினில் ஆட்டக்களம் வீடாயிற்று. 1962 ஏப்ரல் 10ஆம் நாள் திறக்கப்பட்ட டாட்ஜர் களத்தில் 56,000 பேர் அமரலாம். முதல் ஆட்டத்தில் சின்சினாட்டியிடம் 6க்கு 3 எனத் தோற்றார்கள்.

1965 அக்டோபர் 6ஆம் நாள் குறிப்பிடத்தக்கது. சாண்டி கோஃபாக்ஸ் புரூக்ளினிலேயே பிறந்து, புரூக்ளின் குழுவிற் சேர்ந்து, உடன் பெயர்ந்து வந்தவர். அவர் எறியும் பந்தை அடிக்க அந்நாளில் ஆளில்லை. உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் நோன்பு நாளாகிய யோம் கிப்பூரில் வந்தது. அன்று ஆடமாட்டேன் என்று அவர் அமைதியாக இருந்துவிட்டார், குழு தோற்றது. அக்டோபர் 14ஆம் நாள் ஏழாவது ஆட்டத்தில், இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் வந்து, எதிரிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் 2க்கு 0 என வென்று தந்தார். மறுபடியும் அதே கணக்கு!

சாவேஸ் பள்ளத்தாக்கின் நினைவால், லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் மெக்சிகோ வழியினர் பலர் நெடுங்காலம் அக்களத்தை மிதிக்கவில்லை. அவர்களை உள்ளே அழைத்துவந்தவர் பெர்னாண்டோ வாலென்சுவேலா. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எச்சோவாகீலா என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 12 பிள்ளைகளிற் கடைசியாகப் பிறந்தவர். ஆங்கிலம் தெரியாது. பருத்த உடல். பந்தெறியுமுன் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். 1981 ஏப்ரல் 9ஆம் நாள் பருவத்தின் முதல் ஆட்டத்துக்குரிய எறிபவர் காயம்பட்டதால், 20 வயதான இவரை இறக்கினர். ஹூஸ்டனை 2க்கு 0 என வென்றார். (இனி இக்கணக்கைப்பற்றி ஒன்றும் சொல்லமாட்டோம்.) தொடர்ந்து முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். அவர் எறியும் நாளில் களம் நிரம்பிற்று. சிறந்த புதிய ஆட்டக்காரர், சிறந்த எறிபவர் என்ற இரண்டு விருதுகளையும் ஒரே ஆண்டிற் பெற்ற முதல்வர் அவரே. அவ்வாண்டின் உலகத் தொடரிலும் யாங்கீஸை வென்றனர். குழுவின் ஸ்பானிய மொழி வருணனையாளர் ஹைமே ஹரீன் ஈக்வடாரிலிருந்து குடியேறியவர். வாலென்சுவேலாவுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தார். பாட்டனாரை வெளியேற்றிய நிலத்துக்குப் பேரன் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து கைதட்டினான். இதை மன்னிப்பு என்பதா, மறதி என்பதா? அக்குடும்பங்களிற் சில இன்னும் போவதில்லை.

1988க்குப் பின் 2020 வரை உலக வெற்றி வாய்க்கவில்லை. இடையில் 1997 ஏப்ரல் 15ஆம் நாள் ராபின்சன் அணிந்த 42ஆம் எண்ணை இனிப் புதிதாக எவர்க்கும் தருவதில்லை என்று பெருங்குழுக்கள் அனைத்துக்குமாக அறிவித்தனர். அவர் முதன்முதல் களமிறங்கி 50 ஆண்டு நிறைந்த நாள். டாட்ஜர்ஸ் அன்று நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்தனர். 1972இலேயே காலமாகிவிட்ட ராபின்சனுக்குப் பதில் அவர் துணைவியார் ரேச்சல் அம்மையார் நின்றார். 2009 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் எல்லாக் குழுக்களின் எல்லா ஆட்டக்காரரும் 42 என்ற எண்ணையே அணிந்து ஆடுகின்றனர். யார் எவர் என்று தெரியாமற் பார்ப்போர் திண்டாடுவது ஆண்டுக்கு ஒருநாள் நடக்கிறது.

2024இல் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் 43 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உலகத் தொடரில் மோதினர். தொடர் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 22ஆம் நாள், வாலென்சுவேலா காலமானார். ஆட்டக்காரர்கள் அவருடைய 34ஆம் எண்ணைச் சட்டையில் பொறித்து ஆடினர். அக்டோபர் 30ஆம் நாள் நியூயார்க்கிலேயே வென்று ஊர் திரும்பினர். வெற்றி ஊர்வலம் நவம்பர் 1ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் நடந்தது; அது வாலென்சுவேலா பிறந்த நாள். அடுத்த ஆண்டும் வென்றனர். டொராண்டோ நகரில் ஏழாவது ஆட்டம் 11 சுற்றுவரை நீண்டு 5க்கு 4 என முடிந்த நாளும் நவம்பர் 1தான்.